எட்டுக்கு எட்டு

அன்று மதியம் மாட்டுக்கொட்டகையில் இருந்தவர்கள்: தலைவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, மாட்டு டாக்டரம்மா, ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்ட பால் வண்டி டிரைவர், முகத்தில் துண்டு கட்டிய எட்டு மாடுகள்.

தலைவர் என்றால் நாட்டை ஆளுகிறவர் இல்லை. பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தில் மொத்தம் பதினேழு பேர். அதில் மூன்று பேர் கூட்டத்துக்கே வருவதில்லை. ஆனாலும் அவர் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கமும் வந்திருந்தது. பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்கும்போதுகூட ஒருமுறை செருமிவிட்டுத்தான் கேட்பார்.

"எட்டு மாட்டை நாலா குறைச்சிடலாம்" என்று மனைவி சொன்னபோது அவர் செரும மறந்துபோனார்.

"எதுக்கு?"

"ஒரு ஆளால எட்டைப் பார்க்க முடியாது. நாலுதான் முடியும்."

"இத்தனை வருஷம் முடிஞ்சுதே."

"எனக்கு முடிஞ்சுது" என்றாள் அவள். சாணி அள்ளப் போய்விட்டாள்.

தலைவர் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் மாட்டுப்பாசம் இல்லை. சங்கத்தில் ஒரு விதி இருந்தது. ஆறு மாட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர் தலைவராக இருக்க முடியாது. அந்த விதியைப் போட்டவரே அவர்தான். ஐந்து மாட்டுக்காரர் ஒருவர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று காதில் விழுந்த அன்றைக்கே அவசரக் கூட்டம் கூட்டி, ஆளாளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கை தூக்க வைத்து நிறைவேற்றினார். நாலு மாடு போனால் பலகை போகும். பலகை போனால் அவரை எல்லோரும் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

பஞ்சாயத்து டாக்டரம்மாவிடம் போனது. அந்த அம்மாள் ஏற்கெனவே அவர்மேல் கடுப்பில் இருந்தாள். போன மாதம் மனைவி மூன்று நாள் வெளியூர் போயிருந்த சமயம், தலைவர் போன் செய்து, "மாட்டுக்கு வயிறு உப்பிக் கிடக்கு" என்றார்.

"எந்த மாட்டுக்கு?"

"கருப்பும் வெள்ளையுமா இருக்கே, அதுக்கு."

எட்டும் கருப்பு வெள்ளைதான். ஒரு தாய், அதன் மகள்கள், மகளின் மகள்கள். டாக்டரம்மா போனிலேயே மருந்து சொன்னாள். தலைவர் நல்லெண்ணமாக எண்ணெயைக் கலக்கி, படாதபாடு பட்டு, ஒன்றுமில்லாத மாட்டின் வாயில் முழுப் புட்டியையும் ஊற்றினார். உப்பிய மாடு மூலையில் நின்று அதை வேடிக்கை பார்த்தது. டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது ஒரு மாட்டுக்கு உப்பியிருந்தது, இன்னொரு மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"சொந்த மாட்டை அடையாளம் தெரியாத ஆளுக்கு எட்டு மாடு எதுக்கு?" என்றாள் அவள், பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம். "ஒரு மாடு நிக்கிற நிலையைப் பார்த்தே அதுக்கு என்னன்னு சொல்லணும். அதுக்கு முதல்ல அது யாருன்னு தெரியணும். நாளைக்கு மதியம் முகத்தை மூடிடுவோம். தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். எத்தனை மாட்டைச் சரியாச் சொல்றாரோ அத்தனை இருக்கட்டும். மிச்சம் மறுநாள் சந்தைக்கு."

"சரி" என்றாள் மனைவி.

"சரி" என்றார் தலைவரும். மற்றவர்கள் முன்னால் சவாலை மறுத்துப் பழக்கமில்லை. அங்கே டிரைவர் வேறு காலி கேன்மேல் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். அவன் ஒருத்தன் போதும், பதினேழு வீட்டுக்கும் சேதி போய்விடும்.

மாடுகளுக்குப் பெயர் வைத்திருந்தது மனைவி. மகாராணி, மாமியார், கொட்டாவி, ஊமை, அடாவடி, பத்துமணி, கடைக்குட்டி, நிழல். தலைவர் எட்டுப் பெயரையும் தடுப்பூசி அட்டையைப் பார்த்துப் பரீட்சை அன்று காலையில்தான் மனப்பாடம் செய்தார். பெயர்கள் வாயில் சரளமாக வந்தன. எந்தப் பெயர் எந்த மாடு என்பது மட்டும்தான் பாக்கி.

அதற்கு மச்சானைப் பிடித்தார். மச்சான் எலக்ட்ரீஷியன். அக்காவோடு சேர்ந்து மாடுகளை இடம் மாற்றிக் கட்டி, காதிலிருக்கும் எண் அட்டையும் தெரியாதபடி துண்டு சுற்றியவன் அவன்தான். எது எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"இருமல்தான் மாமா சரி" என்றான் அவன் ரகசியமாக. "ஒரு இருமல் மகாராணி. ரெண்டு இருமல் மாமியார். மூணு கொட்டாவி. அப்படியே எட்டு வரைக்கும்."

"எட்டுத் தடவை இருமினா சந்தேகம் வராதா?"

"சளின்னு சொல்லிக்கிறேன்."

மதியம் முதல் மாட்டின் முதுகில் தலைவர் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, யோசிப்பதுபோல் தலையை ஆட்டினார். பின்னாலிருந்து மூன்று இருமல் வந்தது.

"கொட்டாவி" என்றார் தலைவர்.

டாக்டரம்மா துண்டைத் தூக்கிப் பார்த்தாள். மாடு கொட்டாவி விட்டது. காகிதத்தில் ஒன்று என்று எழுதினாள். மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். டிரைவர், "அட" என்றான்.

இரண்டாவது மாட்டுக்குப் போவதற்குள் அது காலை உதறியது. காலடியில் கிடந்த வைக்கோல் தூசி கிளம்பி மச்சானின் மூக்குக்குள் போனது. அவன் நான்கு முறை இருமினான். ஊமை என்று சொல்லத் தலைவர் வாயைத் திறந்தார். ஐந்தாவது இருமல் வந்தது. அடாவடிக்கு மாறினார். ஆறு, ஏழு, எட்டு. நிழல் என்று முடிவு கட்டியபோது ஒன்பதாவது வந்தது. அதோடு நிற்காமல் பதினாலு வரைக்கும் போனது. அத்தனை மாடு அந்தக் கொட்டகையில் இல்லை.

"என்ன தம்பி?" என்றாள் டாக்டரம்மா.

"சளிங்க."

"என்கிட்ட மாட்டுக்குக் குடுக்கிற மருந்துதான் இருக்கு. வாயைத் திற."

"வேணாங்க, சரியாயிடுச்சு."

"முதல் மாட்டுக்கு மூணு தடவை இருமினப்பவே நினைச்சேன். வெளியில போய் நில்லு."

மச்சான் வெளியே போனான். போகும்போது தலைவரைப் பார்த்து, வால் பக்கம் என்று கண்ணால் காட்டிவிட்டுப் போனான்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. காலையில் மச்சான் தன் பையிலிருந்த வயர்த் துண்டுகளை ஒவ்வொரு மாட்டின் வால்முடிக்குள்ளும் கட்டிவைத்திருந்தான். ஒரு மாட்டுக்கு ஒரு நிறம். பையில் ஐந்து நிற வயர்தான் இருந்ததால் மூன்று மாடுகளுக்கு இரண்டு நிறம் சேர்த்துக் கட்டினான். தலைவர் மாட்டின் பின்பக்கம் போய் வாலைத் தூக்கினார்.

"அங்க என்ன பார்க்கறீங்க?" என்றாள் டாக்டரம்மா.

"வாலோட கனத்தை வச்சே நான் மாட்டைச் சொல்லிடுவேன்."

"இது புது வித்தையா இருக்கே" என்று டிரைவர் எட்டிப் பார்த்தான்.

வாலில் பச்சையும் மஞ்சளும் இருந்தன. பச்சையும் மஞ்சளும் சேர்ந்தால் கரண்டில் எர்த் வயர் என்று மச்சான் சொன்னது தலைவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எர்த் எந்த மாடு என்பதுதான் ஞாபகம் இல்லை. வாலைப் பிடித்தபடியே யோசித்தார். பிடித்த வாலை ரொம்ப நேரம் விடாமலிருந்தால் எந்த மாடும் செய்வதை அந்த மாடும் செய்தது. வெள்ளைச் சட்டை கழுத்துப்பட்டை முதல் கடைசிப் பொத்தான்வரை பச்சையானது.

துடைக்கத் துணி கொண்டுவந்த மனைவியின் கண்ணில்தான் வயர் பட்டது.

"இது என்னது?"

டாக்டரம்மா கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு வாலாகப் போய் வயரை வெட்டி எடுத்தாள். எட்டாவது வாலில் வயரைக் காணோம். மாடு நக்கித் துப்பியதோ விழுங்கியதோ என்று தரையில் குனிந்து பதினைந்து நிமிடம் தேடினார்கள். கடைசியில் டிரைவரின் செருப்படியில் ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"விழுங்கியிருந்தா குடலைக் கிழிச்சிருக்கும். நாலு போகட்டும்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. இப்ப நான் சொல்றேன். இனிமே ஒரே ஒரு பேர் தப்பாச் சொன்னாலும் பரீட்சை அதோட முடிஞ்சுது. அதுவரைக்கும் எத்தனை சொன்னீங்களோ அதுதான் மிஞ்சும்."

இதுவரை சொன்னது ஒன்று. கொட்டாவி மட்டும்தான் மிஞ்சும். ஒரு மாட்டுக்காரர் தலைவராக இருப்பது கிடக்கட்டும், சங்கத்தில் பால் ஊற்றவே வெட்கப்பட வேண்டும்.

"அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று டிரைவர் கேட்டான்.

"டாக்டரம்மா சொல்றது சரிதான்" என்றாள் மனைவி. மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் கழுத்தோரம் நின்றாள். ஒவ்வொரு மாட்டுக்கும் அவள்தான் அப்படி நிற்க வேண்டியிருந்தது. துண்டு கட்டிய மாடுகள் அவள் பக்கத்தில் இருந்தால்தான் அசையாமல் நின்றன.

தலைவர் இரண்டாவது மாட்டின் விலாவில் கை வைத்தார். அது எந்த மாடாகவும் இருக்கலாம். சூடாக, பெரிதாக, மூச்சு விட்டுக்கொண்டு இருந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. நேரத்தைக் கடத்த வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இந்த விலா... மகாராணி விலா மாதிரி இருக்கு. இல்ல, ஊமைக்கும் இப்படித்தான். மாமியாருக்கும்..."

அந்தப் பெயர் வந்தபோது எதிரில் மனைவியின் உதட்டோரம் லேசாக இறுகியது. ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் சிலிர்க்குமே, அந்த அளவுதான்.

தலைவர் பேச்சை நிறுத்தினார். அந்த உதடு அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அந்த உதட்டைப் பார்த்துத்தான் அவர் கூட்டத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்திருக்கிறார்.

"ஒண்ணு சொல்லுங்க" என்றாள் டாக்டரம்மா.

"மாமியார்."

துண்டு தூக்கப்பட்டது. மாமியார் அவரை அசட்டையாகப் பார்த்தது.

"ரெண்டு" என்றாள் டாக்டரம்மா. குரலில் பழைய சூடு இல்லை.

மூன்றாவது மாட்டில் தலைவர் மாட்டைப் பார்க்கவே இல்லை. கை மாட்டின்மேல், கண் மனைவிமேல். பெயர்களை மெதுவாக, ஒவ்வொன்றாக, யோசிப்பவர்போல் உதிர்த்தார். மகாராணி என்றபோது அவள் முகவாய் அரை விரல்கட்டை உயர்ந்தது. மாட்டைப் போலவே நிற்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம்.

"மகாராணி."

"மூணு."

நான்காவது மாட்டுக்கு, அடாவடி என்ற பெயர் வந்ததும் அவளுடைய வலது கால் தானாக ஒரு எட்டுப் பின்னால் போனது. அந்த மாட்டிடம் எத்தனை உதை வாங்கியிருப்பாளோ. அவருக்கு ஒன்றுகூடத் தெரியாது. அடாவடி என்றார். நாலு. ஐந்தாவதில் அவள் எச்சில் விழுங்கினாள். ஊமை. ஆறாவதில் கண் ஒரு நொடி வெயில் விழும் இடத்துக்குப் போய் வந்தது. தினமும் பத்து மணிக்கு அந்த இடத்தில்தான் அந்த மாடு படுக்குமாம், பிறகு தெரிந்துகொண்டார். பத்துமணி. ஏழாவதில் புருவம் தளர்ந்தது. கடைக்குட்டி.

"ஏழு" என்றாள் டாக்டரம்மா. காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து எடுத்தாள். டிரைவர் கேனிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். இருமல் இல்லை, வயர் இல்லை, மனிதர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறாரே என்று அவனுக்குப் பயமே வந்தது.

மிச்சமிருந்தது ஒரு மாடு, ஒரு பெயர். பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் தலைவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணோரத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. காதுக்குப் பின்னால் முடி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று யோசித்தார். நிழல் என்றார். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் பளபளத்தது.

தோற்றுப்போன வருத்தம் என்று தலைவர் முடிவு செய்தார்.

"எட்டுக்கு எட்டு" என்றாள் டாக்டரம்மா. "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல நான் இப்படிப் பார்த்ததில்ல."

மனைவி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நிஜமாவே எட்டும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமயா?" தலைவர் தொண்டையைச் செருமினார். சட்டையில் சாணி காய்ந்துகொண்டிருந்தது. "என் மாடு எனக்குத் தெரியாதா? நான் வெளியில சுத்தினாலும் கண்ணு இங்கதான் இருக்கும். காட்டிக்கிட்டதில்ல, அவ்வளவுதான்."

"அன்னிக்கு வயிறு உப்பினப்ப?"

"அது பதட்டம்."

"தீவனம் எவ்வளவு, எதுக்கு எந்தப் பக்கம் நின்னு கறக்கணும், எது மெஷினுக்கு மிரளும், எல்லாம்?"

"எல்லாம். எட்டு என்ன, பதினாறைக் கொண்டுவந்து கட்டு. ஒத்தை ஆளா பார்க்கிறேன். ஒருத்தர் கை உதவி வேணாம்."

டிரைவர் கை தட்டினான். ஜன்னலுக்கு வெளியே மச்சானும் தட்டினான்.

"இதைக் கேட்க நல்லாத்தான் இருக்கு" என்றாள் டாக்டரம்மா. தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் இரண்டு வரி எழுதினாள். எட்டு மாடுகளையும் தனியாகப் பராமரிக்கும் திறமை இவருக்கு உண்டு என்று நேரில் பார்த்து உறுதி செய்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு, அவரிடம் நீட்டினாள். "நீங்களும் ஒண்ணு போடுங்க."

நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்து தலைவருக்குப் பழக்கமில்லை. தலைவர் என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். மனைவி அந்த அட்டையை வாங்கி, ஒரு வரியைக்கூட விடாமல் படித்தாள். படித்துவிட்டு எழுந்து, குழாயடியில் கை கழுவினாள். முழங்கைவரை, நகக்கண்வரை, நிதானமாகக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

டாக்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தலைவர் மச்சானை உள்ளே கூப்பிட்டு, பார்த்தாயா என்று தோளில் ஓங்கித் தட்டினார்.

"எப்படி மாமா சொன்னீங்க?"

"அதெல்லாம் ஒரு பார்வைடா. ஆளு இருக்கிற இருப்பைப் பார்த்தா உள்ள இருக்கிறது தெரியணும்."

"மாட்டையா சொல்றீங்க?"

"எல்லாத்தையும்தான்."

நாலு மணி ஆனது. மாடுகள் ஒன்றிரண்டாகக் குரல் கொடுக்க ஆரம்பித்தன. மடி கட்டும் நேரம். துண்டு கட்டிய முகங்கள் எல்லாம் வீட்டு வாசல் பக்கம் திரும்பின. வாசலில் மனைவி நின்றாள். தலை வாரியிருந்தாள். வெளியூருக்குப் போகும்போது மட்டும் போடும் செருப்பு காலில். கையில் சாம்பல் நிறப் பெட்டி.

"எங்க கிளம்பிட்ட? கறக்கிற நேரம்" என்றார் தலைவர்.

"துண்டை அவிழ்த்து விடுங்க. மூச்சு முட்டும்."

அவள் நேராகப் பால் வண்டிக்குப் போனாள். பெட்டியை முன்சீட்டில் வைத்து, ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைவர் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. உதட்டைப் பார்த்தார், முகவாயைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார். அரை மணிக்கு முன்னால் எழுத்துக்கூட்டிப் படித்த முகம்தான். இப்போது அதில் எந்த மாட்டின் பெயரும் இல்லை.

பின்னால் எட்டும் சேர்ந்து கத்தின.

டிரைவர் சாவியோடு வண்டியைச் சுற்றி வந்தான்.

"இந்த ஆளை நம்பி மாட்டை விட்டுட்டு வர முடியாது, நாலா குறைச்சாதான் வந்து சேருவேன்னு சொல்லி மூணு மாசமா எங்க பால் கம்பெனி வேலையைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தீங்களேக்கா, குவார்ட்டர்ஸ் சாவியை மேனேஜர்கிட்ட இன்னிக்கே வாங்கிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, அவள் பக்கத்துக் கதவைச் சாத்திப் பூட்டினான்.